வாத்தியார் வரும் வரை

பத்தாம் வகுப்பு பி பிரிவுக்குத் தலைமையாசிரியர் ஞானப்பிரகாசம் ஒரே ஒரு விதிதான் போட்டார். "வாத்தியார் வர்ற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா பேர் போர்டுல ஏறும். ஏறினவங்க வெயில்ல முட்டி போடணும்." பேர் எழுதுவது லீடர் இசக்கியம்மாளின் வேலை. ஆள் பார்த்து எழுதக் கூடாது என்றும் அவளை மிரட்டி வைத்தார்.

ஒருநாள் கல்வி அதிகாரி வந்தார். "பாருங்க சார், மூச்சுச் சத்தம் கேக்காது," என்று ஞானப்பிரகாசம் பீற்றிக்கொண்டார். அதிகாரி ஒரு சின்னக் கணக்குக் கேட்டார். வகுப்பு ஊமையாக நின்றது.

"பதில் சொல்லுங்க," என்று ஞானப்பிரகாசம் அதட்டினார்.

இசக்கியம்மாள் போய் போர்டில் 'ஞானப்பிரகாசம்' என்று எழுதினாள். கீழே தன் பேரையும் எழுதிவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

"கணக்கு வாத்தியார் இன்னும் வரலை சார். அதுக்குள்ள பேசிட்டீங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். "நானும்தானே பேசினேன்?"

"உங்க பேர் தெரியாது சார்."

"வாத்தியார் எப்போ வருவார்?"

"ஸ்கூல் தொறந்ததுல இருந்து பாத்துக்கிட்டு இருக்கோம். பொங்கலும் போயிட்டு சார்."

அதிகாரியின் சிரிப்பு நின்றது. டஸ்டரை எடுத்துத் தலைமையாசிரியர் பேரை அவரே அழித்தார். "ஆள் போடச் சொல்றேன்," என்று ஜீப் ஏறினார்.

போர்டில் மிச்சம் இருந்தது ஒரு பேர். அவள் வெயிலில் முட்டி போட்டாள்.

வாத்தியார் வரவில்லை, பொதுத்தேர்வுதான் வந்தது. கணக்குப் பரீட்சை அன்றைக்கும் பி பிரிவு விதியை மீறவில்லை. விடைத்தாள்கள்கூட வாய் திறக்கவில்லை.