சின்னப் பள்ளத்தில் வைத்த புள்ளி

"என் அளவு தப்பலை, டீச்சர். சந்தைதான் தப்பிடுச்சு," என்றார் ஆசீர்வாதம்.

பிரமிளா டீச்சர் வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள்.

தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனி அலுவலகத்துக்கு மேலே இருந்த மாடி அறை அது. பங்கு விலைகளின் வரைபடத்தைப் படிப்பது எப்படி என்று டீச்சர் அங்கே சொல்லிக்கொடுத்தார். ஆசீர்வாதம் நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாணவர்களிலேயே மூத்தவர். டீச்சரையும்விட மூத்தவர்.

"காட்டுங்க, அண்ணாச்சி."

மடிக்கணினியைத் திறந்தார்.

ஒரு நிறுவனத்தின் விலைக்கோடு ஏறி இறங்கி ஓடியது. அதன் மேல் இரண்டு முக்கோணங்கள் ஒட்டி நிற்பதுபோல் ஒரு படம். எக்ஸ், ஏ, பி, சி, டி என்று ஐந்து புள்ளிகள். ஹார்மோனிக் பேட்டர்ன் என்பார்கள். ஒவ்வோர் இறக்கமும் முந்தைய ஏற்றத்தில் இன்ன விகிதம் இருக்க வேண்டும் என்று ஃபிபோனாச்சி கணக்கு உண்டு. எல்லாம் பொருந்தி வந்தால் கடைசிப் புள்ளியில் விலை திரும்பி ஏறும் என்பது நம்பிக்கை.

"எக்ஸ்ல இருந்து ஏ வரைக்கும் ஏறியிருக்கு. பி-க்கு இறங்குனது அதுல 0.618, வர வேண்டிய அதே எண். அச்சுல வார்த்த மாதிரி. டி வந்ததும் வாங்குனோம். திரும்பணும். திரும்பலை. இறங்கிக்கிட்டே போயிருச்சு."

"வாங்குனோம்னா?"

"நான் கொஞ்சம். ஜெபராஜ்தான் நிறைய."

"அவர் யாரு?"

"என் வீட்டுக்காரி தம்பி. பேக்கரி வச்சிருக்கான். ரெண்டாவது அடுப்பு வாங்கச் சேத்து வச்சதை இதுல போட்டான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கூட்டிட்டு வந்திருக்கேன், கீழ நிக்கான். பேட்டர்ன் சரிதான், சந்தை சில நேரம் இப்படித்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஏத்துக்கிடுவான்."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோடெல்லாம் அழிச்சிருங்க."

அழித்தார். விலை மட்டும் மொட்டையாக நின்றது.

"திரும்பப் போடுங்க. எக்ஸ்ல இருந்து."

அம்புக்குறி நகர்ந்தது. விலை ஆகத் தாழ்ந்து கிடந்த இடத்துக்குப் போய் நின்றது. நிலம் அளந்து பழகிய கை. தப்பான இடத்துக்கு முதலில் போக அதற்குத் தெரியவில்லை.

"போடுங்க."

ஏ, பி வரைக்கும் போட்டார். எண் வந்தது. 0.54.

"அன்னைக்கு எங்க வச்சீங்க?"

அவர் வலது பக்கம் தள்ளி, ஆழமில்லாத ஒரு சின்னப் பள்ளத்துக்குப் புள்ளியை இழுத்தார். 0.618.

"இதையும் சில பேர் எக்ஸா எடுக்கத்தான் செய்யுதாங்க, டீச்சர். பாடத்துலயே..."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க நிலம் அளந்தவங்க. எல்லைக்கல்லை நகத்துனவன் மாட்டிக்கிட்டா என்ன சொல்லுவான், அண்ணாச்சி?"

"கல்லு முதல்லயே அங்கதான் இருந்துச்சும்பான்."

சொல்லி முடித்ததும் அவருக்குக் காது சுட்டது. அந்தப் பதிலைச் சொன்னவர்களை வரப்பில் வைத்து எத்தனை ஏளனமாகப் பார்த்திருக்கிறார்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"ஞாயித்துக்கிழமை. கோயிலுக்குப் போயிட்டுச் சாப்பிட வந்திருந்தான். அத்தான், நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லுங்கன்னு கேட்டான். அவன் அக்கா ரூபி கறிச்சட்டியோட நின்னுக்கிட்டிருந்தா. உங்க அத்தான் அளந்தா அளந்ததுதான்னு சொன்னா. தேடித் தேடிப் பாத்தேன், டீச்சர். ஒண்ணும் அமையலை. எல்லாமே பக்கத்துல வந்து நின்னுருது. இல்லைன்னு சொல்ல வாய் வரலை."

டீச்சர் திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"இனிமே கை நகராம இருக்க ஒரு விதி சொல்லுங்க. எவ்வளவு கஷ்டமான கணக்குன்னாலும் கத்துக்கிடுதேன்."

டீச்சர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனார்.

"ஜெபராஜ் தம்பி, மேல வாங்க."

ஆசீர்வாதம் அவர் பின்னாலேயே போனார். "நீங்க சொல்லுதீங்களா, டீச்சர்?"

அவர் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டு டீச்சர் மாணவர்களின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

ஜெபராஜ் செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வந்தான். சட்டைக் கையில் மைதா ஒட்டியிருந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அத்தான் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, டீச்சர். நான் பக்கத்துலயேதான் இருந்தேன். கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு எவ்வளவு கவனமாப் போட்டாங்க தெரியுமா? அக்காட்டயும் அதான் சொன்னேன்."

ஆசீர்வாதம் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போதும் வழி இருந்தது. ஐந்து புள்ளிகளையும் போட்டு, முக்கோணங்களை வரைந்து, இரண்டு எண்களை எழுதினால் போதும். டீச்சர் மறுத்துச் சொல்லப் போவதில்லை. ஜெபராஜ் நம்பிவிடுவான். அவன் நம்பிவிடுவான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பேனாவின் மூடியைக் கழற்றினார். திரும்ப மூடினார்.

"மாப்ள."

முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லிவிடலாம் என்று பார்த்தார். முடியவில்லை. திரும்பினார்.

"அன்னைக்குப் பேட்டர்ன் ஒண்ணும் அமையலை. நீ பக்கத்துல இருக்கும்போதே நான்தான் புள்ளியை நகத்தி அமைய வச்சேன். எனக்குத் தெரியலைன்னு உன் முன்னாடியும் உன் அக்கா முன்னாடியும் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ஜெபராஜ் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஏதோ லாரியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டு அடங்கியது.

"தெரியலைன்னே சொல்லியிருக்கலாமே, அத்தான்," என்றான் அவன். "நான் சும்மா பேச்சுக்குத்தான கேட்டேன். சாப்பிடத்தான வந்தேன்."