சிவப்பு ஷூவும் சிறுத்தையும்

தாளாளர் அம்பலவாணன் ஒன்றை நினைத்துவிட்டால் அந்த மலையடிவாரக் கல்லூரியில் மறுபேச்சே கிடையாது. பின்பக்கக் காட்டை அழித்து விளையாட்டரங்கம் கட்டப்போவதாகச் சொன்னார்.

"அங்க சிறுத்தை இருக்கு சார்" என்றாள் காட்டுயிரியல் படிக்கும் இசக்கி.

"தினமும் காலையில நான் அங்கதான் நடக்கிறேன். என் கண்ணுல படாத சிறுத்தையா? இருந்தா என் மேசைக்குக் கொண்டு வா. இல்லன்னா உங்க துறையையே மூடிடுவேன்!"

இசக்கி நேராகக் காட்டுக்குப் போனாள். எதிரே ஏதாவது அசைந்தால் தானாகப் படமெடுக்கும் கேமராவை, அவர் நடக்கும் பாதையோர மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டினாள்.

சில நாளில் இரண்டு படங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். முதல் படத்தில் தாளாளரின் சிவப்பு ஷூ. ஒரு நிமிடம் கழித்து எடுத்த அடுத்த படத்தில், அவர் பின்னாலேயே போகும் சிறுத்தை.

தாளாளர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, இது என்னை ஏன் ஒண்ணும் பண்ணல?"

"மானுக்குத்தான் நன்றி சொல்லணும் சார். காடு நிறைய மான் இருக்கு, சிறுத்தைக்குப் பசியில்ல. காட்டை அழிச்சா மான் போயிடும். அப்புறம் காலையில அங்க நடக்கிறது நீங்க மட்டும்தான்."

அரங்கப் பேச்சு அன்றோடு நின்றது. இப்போதெல்லாம் வழியில் மானைக் கண்டால், தாளாளர் சிவப்பு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிடுகிறார்.