ராஜா நடந்த பாதையைக் காணோம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், செம்மணலாற்றுச் சீமையை வல்லபராயன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மனசு, சாப்பிட்ட பிறகு ஒரு மனசு. அவன் காதோரமே உட்கார்ந்திருந்தவன் பூதலிங்கம். சீமையிலுள்ள ராஜபாட்டைகள் எல்லாம் அவன் பொறுப்பு. வேலை செய்வதைவிட, செய்ய வேலையே இல்லை என்று ராஜாவை நம்ப வைப்பதில் கெட்டிக்காரன்.

ஆற்றுக்கு அக்கரையில் கோரைப்பட்டி என்று ஓர் ஊர். சந்தையும் மருத்துவச்சியும் இக்கரையில். மழைக்காலத்தில் ஆறு பெருகிவிட்டால் தோணிக்காரர்களே துடுப்பைத் தொட யோசிப்பார்கள். ஒரு கல்பாலம் கட்டித் தாருங்கள் என்று அந்த ஊர்ச்சபைக்காரர்கள் வருஷா வருஷம் அரண்மனைக்கு நடந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ராஜா, நானே வந்து பார்க்கிறேன் என்பான். சொன்னபடி வரவும் செய்வான்.

அங்கேதான் கோரைப்பட்டிக்காரர்கள் கெட்டார்கள். ராஜா வருகிறார் என்றதும் அவர்களுக்குத் தலைகால் புரியாது. ராஜா காலில் தண்ணீர் படலாமா என்று, இருக்கிற தோணிகளை எல்லாம் கரைக்குக் கரை வரிசையாகக் கட்டி, மேலே பலகை அடித்து, கோரைப்பாய் விரித்து, வாழை கட்டிப் பன்னீரும் தெளித்துவிடுவார்கள். ராஜா அதன்மேல் ஜம்மென்று நடந்து வந்து, விருந்து சாப்பிட்டு, ஜம்மென்று திரும்பிப் போவான். இவ்வளவு நல்ல வழி இருக்கும்போது இவர்களுக்குப் பாலம் ஒரு கேடா என்று பூதலிங்கம் காதில் ஓதுவான். மறுநாள் தோணிகள் அவிழ்ந்து மீன் பிடிக்கப் போய்விடும்.

மூன்றாவது தடவை ராஜாவுக்கு அலுத்துவிட்டது. பாலம் என்று இனி எவர் வாயைத் திறந்தாலும் லாயத்தில் குதிரை லத்தி அள்ள வேண்டியதுதான் என்று உத்தரவு போட்டான்.

ஊர்ச்சபையில் பெரிய பெரிய மீசைகள் எல்லாம் தரையைப் பார்த்தன. நான் போறேன் என்றாள் ஆவுடை. சபையில் இருந்த ஒரே பொம்பளை அவள். அவள் தங்கச்சி முந்தின பிரசவத்தில் மருத்துவச்சி வீடு போய்ச் சேரமுடியாமல் நடு ஆற்றில், தோணியிலேயே பிள்ளை பெற்றவள். அவள் பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை. இப்போது மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். ஐப்பசியில் பேறு. ஐப்பசியில் ஆறு எப்படி இருக்கும் என்று ஆவுடைக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"பாலம்னு சொன்ன உடனே கையில கூடையைக் கொடுத்துடுவாங்க, ஆத்தா" என்றார் ஒரு மீசை.

"நான் ஏன் சித்தப்பா பாலம்னு சொல்றேன்?" என்றாள்.

அரண்மனைக்குள் ஆவுடை நுழைந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கோரைப்பட்டி என்ற பேரைக் கேட்டதுமே பூதலிங்கம் சிரித்துவிட்டான். லாயத்துக்கு ஆள் வந்தாச்சு, கூடை எடுத்து வைக்கச் சொல்லட்டுமா என்று ராஜாவைக் கேட்டான்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம், மகாராஜா. எங்க ஊர் ஒரு குத்தம் பண்ணிடுச்சு. தண்டனை வாங்கிட்டுப் போக வந்தேன்."

கேட்டு வாங்க வருகிறவர்களைத்தான் ராஜா பார்த்திருக்கிறான். என்ன குற்றம் என்று குனிந்து கேட்டான்.

"ராஜா கால் பட்ட வழி ராஜபாட்டை, அதை அழிச்சா சிறைன்னு நீங்க வரும்போதெல்லாம் தண்டோரா போடுறாங்க. எங்க ஆத்துமேல நீங்க மூணு தரம் நடந்தீங்க. அந்தப் பாட்டையை நாங்க அழிச்சிட்டோம்."

ராஜா எழுந்தே விட்டான். நான் நடந்த பாட்டையையா அழித்தீர்கள் என்று அவன் போட்ட சத்தத்தில் சாமரம் வீசுகிறவன் கை நின்றுபோனது. பூதலிங்கத்துக்கு லேசாக வியர்த்தது. அது பாட்டையே இல்லை, வெறும் தோணியும் பலகையும்தான், விட்டுத் தள்ளுங்கள் என்றான்.

அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த மந்திரி மருதவாணர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"போன வருஷம் இதே இடத்தில் நின்று, அக்கரைக்கு அருமையான வழி இருக்கிறது என்றீரே பூதலிங்கம். அது எந்த வழி?"

"அது... அந்தத் தோணி வழிதான்."

"அப்படியானால் வழி இருந்தது. ராஜாவும் நடந்தார். ராஜபாட்டைகளைக் காக்கிற வேலை யாருடையது?"

வழி இருந்தது என்றால் அதைக் காக்காமல் விட்டவன் பூதலிங்கம். இல்லவே இல்லை என்றால் ராஜாவிடம் பொய் சொன்னவன் பூதலிங்கம். நடு ஆற்றில் துடுப்பைத் தவற விட்டவன் மாதிரி விழித்தான்.

ராஜா மெல்ல உட்கார்ந்தான். உங்கள் ஊருக்கு என்ன தண்டனை கொடுக்கலாம், நீயே சொல் என்றான்.

"அழிச்சதை நாங்களே கட்டுறோம், மகாராஜா. அரண்மனை கல்லைக் கொடுத்தா எங்க ஆளுக சுமப்பாங்க. தோணியில கட்டினா மறுபடியும் அவுத்துடுவோம், எங்க புத்தி அப்படி. அவுக்க முடியாத மாதிரி ஏதாச்சும்..." என்று இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

"பாலம் வேண்டும் என்கிறாள், அவ்வளவுதானே" என்றான் ராஜா.

மந்திரி இன்னொரு கண்ணையும் திறந்தார். "மகாராஜா, அந்த வார்த்தையை இன்றைக்கு முதலில் சொன்னது தாங்கள்தான். லாயத்துக்குக் கூடை ஒன்று தயாராக இருக்கிறதாம்."

ராஜாவுக்கு முகம் சிவந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்து முடித்து, "நீங்கள் பாய் விரித்தீர்கள், நான் பாயை மட்டும்தான் பார்த்தேன்" என்றான்.

உத்தரவு அங்கேயே ரத்தானது. கல்பாலம் எழும்புகிற வரைக்கும் அரண்மனைத் தோணிகளை யானைச் சங்கிலி போட்டு ஆற்றின் குறுக்கே கட்ட வேண்டும். பூதலிங்கம் கோரைப்பட்டியிலேயே குடியிருந்து அதைக் காக்க வேண்டும். இனி எந்த ஊர்ச்சபையும் நடுவில் ஆள் இல்லாமல் நேரே ராஜாவிடம் பேசலாம் என்றும் சொன்னான். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து ஆவுடைக்குப் போர்த்தினான். அவள் அதன் நீளத்தைக் கண்ணாலேயே அளந்தாள்.

ஐப்பசி வந்தது. ஆறு கரையை முட்டிக்கொண்டு ஓடியது. கொட்டுகிற மழையில் பூதலிங்கம் தாழங்குடை பிடித்துக்கொண்டு, சங்கிலி சங்கிலியாகத் தொட்டுப் பார்த்தபடி தோணிப் பாலத்தின் நடுவில் நின்றான். எதிரே மருத்துவச்சி வேகமாக வந்தாள்.

"என்னம்மா, ஆணா பெண்ணா?"

"நான் இன்னும் போயே சேரலை. வழியை விடுங்கய்யா."

யாருக்கும் வழிவிட்டுப் பழக்கமில்லாதவன் ஒதுங்கி நின்றான்.

கொஞ்ச நேரத்தில் அக்கரையில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. ராஜாவின் பட்டில் ஆவுடை தொட்டில் கட்டினாள். நம்ம கதையும் அக்கரை சேர்ந்தது.