பண்டாரிக்குப் போர்த்திய கம்பளி

கணினி இருந்த காலத்தில் ராஜா ஏது என்று கேட்டு என் வாயை அடைக்காதீர்கள். தென்கரை நாட்டில் இரண்டும் இருந்தன. ராஜா பெயர் வீரகேது.

அவர் அரண்மனைக் கணினிகளில் பண்டாரி என்றொரு மென்பொருள் இருந்தது. படு கெட்டி. "பஞ்சாங்கம் கொண்டா" என்று ஒரு வரி தட்டினால் போதும். பஞ்சாங்க மென்பொருளையும், அது ஓடுவதற்கு வேறு என்னென்ன மென்பொருள் வேண்டுமோ அத்தனையையும் தானே தேடிக் கொண்டுவந்து, உக்கிராணம் என்ற இடத்தில் அடுக்கிவிடும். அதை எழுதியவர் ராஜாவின் தாத்தா.

இளவரசி செண்பகவல்லி முகில்மலை நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். சீர்வரிசையோடு பண்டாரியும் போனது. அங்கே கணினியின் இயங்குதளமே வேறு. உள்ளே போன பண்டாரி, "உக்கிராணம் எங்கே?" என்று கேட்டது. அந்த ஊர்க் கணினியில் உக்கிராணம் ஏது? எல்லாம் பரண் என்ற இடத்தில்தான் இருக்கும். பண்டாரி அப்படியே நின்றுவிட்டது.

"அப்பா கொடுத்த சீர் முடங்கிக் கிடக்கிறது. மாமியார் சிரிக்கிறார்" என்று இளவரசி கடிதம் போட்டாள்.

ராஜாவுக்கு மானமே போய்விட்டது. மயிலேறியைக் கூப்பிட்டார். சபையில் விகடம் பேசுகிறவன் அவன்தான்; அரண்மனைக் கணினிகளைக் கவனிப்பவனும் அவன்தான்.

"பண்டாரியை அங்கே ஓட வைக்க முடியுமாடா?"

"முடியும் மகாராஜா. அங்கங்கே கொஞ்சம் மாற்றி எழுதினால்..."

மந்திரி தாண்டவராயர் துள்ளி எழுந்தார். மயிலேறியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"அடாடா, என்ன அநியாயம்! பெரிய மகாராஜா எழுதியதில் இவன் கை வைப்பதா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அதானே! ஓர் எழுத்து மாறக்கூடாது. மாறினால் நீ இந்த நாட்டிலேயே இருக்கக்கூடாது. பத்து நாள் தவணை!"

பிறந்த ஊரை விட்டுப் போவதென்றால் சும்மாவா? ஒன்பது நாள் மயிலேறி கணினியை விட்டு நகரவில்லை.

பத்தாம் நாள் எல்லோரும் முகில்மலை அரண்மனையில் கூடினார்கள். நல்ல மார்கழி. மயிலேறி நாடு கடத்தப்படுவதைக் கண்ணாரப் பார்க்க மந்திரியும் மெல்லிய மல்வேட்டியோடு வந்திருந்தார். வந்த மாத்திரத்தில் பல் தந்தியடித்தது. இரண்டு கம்பளியை வாங்கி இழுத்துப் போர்த்திக்கொண்டார். மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

மயிலேறி தட்டினான்: "பஞ்சாங்கம் கொண்டா."

வந்துவிட்டது! இளவரசி கைதட்டினாள். மாமியாரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"மோசடி!" என்று கம்பளிக்குள்ளிருந்து ஒரு கத்தல். "இவன் ஏதோ செய்திருக்கிறான், மகாராஜா!"

"செய்தேன் ஐயா. பண்டாரிக்கு ஒரு சின்ன மென்பொருளைப் போர்த்திவிட்டேன். பண்டாரி உக்கிராணத்தைக் கேட்டால், போர்வை அதைப் பரணுக்குக் கூட்டிப்போகும். உள்ளே ஓர் எழுத்தும் மாறவில்லை."

"வெளியே ஒட்டினாலும் மாற்றியது மாற்றியதுதான்! இது பெரிய மகாராஜாவின் பண்டாரியே இல்லை!"

ராஜா மீசையைத் தடவினார். "மந்திரி சொல்வதும் நியாயமாகத்தானே இருக்கிறது?"

மயிலேறி மந்திரியைத் திரும்பிப் பார்த்தான். இன்னொரு தரம் நன்றாகப் பார்த்தான்.

"மகாராஜா, எனக்கு ஒரு சந்தேகம். நம்மோடு மல்வேட்டி கட்டிய மந்திரி ஒருவர் வந்தாரே, அவரைக் காணோம். இங்கே கம்பளிக்குள் உட்கார்ந்து சத்தம் போடுகிறவர் யார்?"

"யாரா? நான்தானடா, தாண்டவராயன்!"

"வெளியே இரண்டு கம்பளி ஒட்டியிருக்கிறதே ஐயா?"

"கம்பளி போர்த்தினால் ஆள் மாறிப்போவானாடா, மடையா?"

சொன்ன பிறகுதான் மந்திரிக்கு உறைத்தது. மூக்கும் உள்ளே போய்விட்டது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "தீர்ப்பை மந்திரியாரே சொல்லிவிட்டார்! மயிலேறிக்கு உடனே ஒரு சால்வை போர்த்துங்கள். கைவசம் இல்லையா? மந்திரி மேல் இரண்டு இருக்கிறதே, ஒன்றை உருவுங்கள்!"

மயிலேறி பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"வேண்டாம் மகாராஜா! அவரும் நம் பண்டாரி மாதிரிதான். போர்வையை எடுத்தால் இந்த ஊரில் அப்படியே நின்றுவிடுவார்!"