எல்லாரையும் கேட்டுச் சொல்கிறேன்

இசக்கியம்மாள் பல்கலைக்கழகத்தில் அரசின்மைக் கொள்கை பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தலைவர் யாரும் இல்லாமலே மக்கள் கூடிப் பேசி வாழ முடியும் என்பது அந்தக் கொள்கை. விடுதியில் தண்ணீர் வராமல் போனபோது அவளும் மற்ற மாணவிகளும் அப்படிக் கூடிப் பேசித்தான் பல்கலைக்கழக வாசலை மறித்தார்கள். மறுநாளே, மாணவிகள் எங்கும் கூட்டம் கூடக் கூடாது என்று பதிவாளர் ஞானசிகாமணி தடை போட்டார். பிறகு, இசக்கிதான் தலைவி என்று நினைத்து அவளைத் துணைவேந்தர் அறைக்கு வரவழைத்து, அவர் முன்னாலேயே மிரட்டினார்.

"எல்லார் சார்பிலும் மன்னிப்புக் கடிதம் வேணும். இல்லேன்னா உன் ஆய்வு ரத்து."

"நான் மட்டும் எப்படி சார் முடிவெடுக்கிறது? எல்லாரையும் கேட்கணும்."

"போய்க் கேளு!"

"கூடினாத்தானே சார் கேட்க முடியும்? நீங்க தடை போட்டிருக்கீங்களே."

துணைவேந்தர் சிரித்துவிட்டார். ஞானசிகாமணி முகம் சுண்டிப்போய், போட்ட தடையைத் தன் கையாலேயே நீக்கிக் கலையரங்கத்தையும் திறந்துவிட்டார்.

அரங்கம் நிறைந்ததைப் பார்த்து இசக்கி பூரித்துப்போனாள். "பயப்படாம மனசுல உள்ளதைப் பேசுங்க," என்றாள்.

ஒருத்தி எழுந்தாள். "அக்கா, யுனிவர்சிட்டியில இருந்து எங்கப்பாவுக்குப் போன் பண்ணி மிரட்டியிருக்காங்க. மன்னிப்புக் கேட்டுடலாமே." அடுத்தவளும் அதையேதான் சொன்னாள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. எல்லாருமாகப் பேசி ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

எல்லாரும் எடுத்த முடிவு என்பதால் இசக்கியும் கையெழுத்துப் போட்டாள். கடிதத்தை வாங்கிக்கொண்ட ஞானசிகாமணி, "இனிமே எப்ப வேணும்னாலும் கூடிப் பேசுங்கம்மா," என்றார்.