ஜீப்புக்குள் இருந்த ஆஸ்பத்திரி

சன்னாசியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது பஸ் நிறுத்தத்தில். "அந்த அதிகாரி இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்காராம்ணே" என்று சிரித்தார். எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஒரு காலத்தில் அங்கே அவர் ஒருவர்தான் ஆள். மற்றவர்களை 'மாற்றுப்பணி' என்று அந்த மாவட்டச் சுகாதார அதிகாரி இழுத்துக்கொண்டார். ஊர் ஊராகச் சுற்றுகிறவருக்குப் பரிவாரம் வேண்டுமாம்! யாரை எந்த ஊரிலிருந்து பிடுங்கினோம் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. காய்ச்சலில் கிடந்த என் மனைவிக்கு ஊசி போட ஆளில்லை.

ஒருநாள் அவரே ஆய்வுக்கு வந்தார். பெஞ்சு நிறைய நோயாளிகள். அத்தனை பேர் முன்னால் சன்னாசியிடம் கத்தினார்.

"எங்கய்யா உங்க ஸ்டாஃப்? நான் கிளம்புறதுக்குள்ள எல்லாரும் இங்க நிக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!"

"இந்தா வந்துருவாங்கய்யா."

சன்னாசி வெளியே போய் அதிகாரியின் ஜீப் கதவைத் திறந்தார். "இறங்குங்க, ஐயா கூப்பிடுறாரு."

அதிகாரியின் சாப்பாட்டுக் கேரியரோடு எங்கள் நர்ஸ் இறங்கினார். அதிகாரியின் பெட்டியோடு மருந்தாளுநர் இறங்கினார். ஜீப்பை ஓட்டிவந்த எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவரும் இறங்கினார்.

"எல்லாரும் வந்தாச்சுங்கய்யா. நாங்க ஊரெல்லாம் தேடுனோம். நீங்க பத்திரமா வச்சிருந்திருக்கீங்க."

பெஞ்சிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "ஏம்மா நர்ஸு, கேரியரைக் கீழ வச்சுட்டு ஊசிய எடு!"

அதிகாரி தானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார்.

சன்னாசி போன வருஷம் இறந்துபோனார். அவர் பார்த்த வாட்ச்மேன் வேலைக்கு அரசாங்கம் இன்னும் ஆள் போடவில்லை.