கோலத்துக்குப் போன பூ

ஆற்றங்கரை மடத்தில் குரு சின்னவர், சிஷ்யை பெரியவள். அம்பலவாணருக்கு முப்பத்தாறு வயது. தையல்நாயகிக்கு ஐம்பத்தெட்டு. அவர் சாப்பிட மறந்தால் அவள் அதட்டுவாள், அதட்டிவிட்டுக் கும்பிடுவாள். இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரி தலையாட்டுவார்.

மார்கழி பிறந்துவிட்டால் மடத்து வாசல் அவள் ராஜ்ஜியம். விடிவதற்குள் சாணம் தெளித்து, பெரிய கோலமாகப் போட்டு, நடுவில் சாணி உருண்டைகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பரங்கிப்பூவைச் செருகுவாள். கோலத்தைப் பார்க்கவே பக்கத்துத் தெருவிலிருந்து பெண்கள் வருவார்கள்.

வேலியில் படர்ந்திருந்த பரங்கிக்கொடியும் அவள் விதை ஊன்றியதுதான். அடியில் குட்டிப் பிஞ்சோடு பூக்கும் பூவை அவள் தொடமாட்டாள். நீளக் காம்பில் பிஞ்சில்லாமல் நிற்கும் பூக்களைத்தான் ஒன்று விடாமல் பறிப்பாள்.

"காய்க்கிறது காய்க்கட்டும். இது உதிரப்போற பொய்ப்பூதானே" என்பாள்.

மார்கழி இருபதாம் தேதி அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. நின்றபடியே படித்தாள். மடித்தாள். நேராகக் குருவிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"வர முடியாதுன்னு ஒரு பதில் எழுதித் தரணும் சாமி. நான் எழுதினா, அழுதுக்கிட்டே எழுதியிருக்கேன்னு கையெழுத்துலயே கண்டுபிடிச்சிடுவா."

எழுதியிருந்தவள் சுகந்தி, தையல்நாயகியின் அண்ணன் மகள். பிறந்த பதினோராம் நாள் தாயை இழந்த குழந்தை. பிள்ளை இல்லை என்று புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பிவிட்ட அத்தைதான் அவளைத் தூக்கி வளர்த்தாள். சுகந்திக்கு இப்போது ஏழாம் மாதம். தை ஆறாம் தேதி வளைகாப்பு.

'நீதான் வந்து முதல் வளையல் போடணும் அத்தை. அதுவரைக்கும் யாருக்கும் நான் கை நீட்ட மாட்டேன்' என்று எழுதியிருந்தாள்.

"போக வேண்டியதுதானே அம்மா?" என்றார் குரு.

"எப்படி சாமி போறது? பிள்ளை பெத்தவங்க போடுற வளையல் அது. அவ கல்யாணத்துலயே நான் அடுப்படியில நின்னுதான் தாலி கட்டுறதைப் பார்த்தேன்."

"யாராவது அங்கே போய் நிக்கச் சொன்னாங்களா?"

"இல்ல சாமி. யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே போயிட்டேன்."

குரு கடிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"பதில் எழுதலையா சாமி?"

"எழுதலாம்."

அவர் எழுதலாம் என்றால் இன்றைக்கு இல்லை என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

மறுநாள் மத்தியானம் ஒரு கைப்பிடி வாடிய பிஞ்சுகளோடு வந்தாள்.

"பாருங்க சாமி. கட்டைவிரல் அளவு வந்ததும் மஞ்சளாப்போய் விழுந்துடுது. ஒண்ணுகூடத் தங்கல. பொங்கலுக்குக் கூட்டு வைக்க ஒரு காய் கிடையாது. கொடியைப் பிடுங்கிட்டுக் கீரை விதைக்கட்டுமா?"

"எரு போட்டீங்களா?"

"போட்டேன்."

"தண்ணி?"

"ரெண்டு வேளையும்." அவள் பிஞ்சுகளைத் தரையில் வைத்தாள். "கொடி மேல குத்தம் இல்ல சாமி. விதை போட்ட கை அப்படி."

குருவுக்கு மனசு வலித்தது. ஒரு பிஞ்சை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்குக் கோலத்துக்குப் பூ வேண்டாம் அம்மா."

"என்ன சாமி இது? நாலு பேர் வந்து பாக்குற வாசல்."

"வெறும் சாணி உருண்டையைப் பாத்துட்டுப் போகட்டும்."

மறுநாள் பூ வைக்காத கோலத்தைப் பார்த்து மூன்று பெண்கள் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். தையல்நாயகி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு திரிந்தாள். வெயில் ஏறியதும் குரு அவளை வேலியடிக்குக் கூப்பிட்டார். கொடி முழுக்க மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது.

"ஒரு பொய்ப்பூவைப் பறிங்க."

பறித்தாள்.

"இதழ் எல்லாத்தையும் கிழிச்சுப் போடுங்க."

கிழித்தாள். நடுவில் விரல்நுனி போல ஒரு தண்டு நின்றது. அதைத் தொட்டாள். விரல் மஞ்சளானது.

"அதோ, பிஞ்சு வச்ச பூ ஒண்ணு விரிஞ்சிருக்கே. அதுக்குள்ள இந்தத் தூளைத் தடவுங்க."

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீங்களே பண்ணுங்க சாமி. என் கை வேண்டாம்."

"என்னால குனிய முடியல அம்மா. இடுப்பு வலி."

முப்பத்தாறு வயதில் வந்த இந்த இடுப்பு வலியை அவள் அன்றுதான் கேள்விப்பட்டாள். ஆனாலும் குனிந்தாள். தூங்கும் குழந்தைக்குத் திருநீறு இடுவதுபோல, பூவுக்கு வலிக்காமல் தடவினாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். தேனீ பண்ற வேலை. அது தெனமும் வந்துட்டுதான் போச்சு. இங்கேருந்து எடுத்துட்டுப் போய் அங்கே கொடுக்க அதுக்கு ஒண்ணும் இல்ல."

தையல்நாயகிக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் மதில் பக்கம் திரும்பினாள். பொங்கல் அடுப்புக்காக, கோலத்துச் சாணி உருண்டைகளைப் பூவோடு தட்டி மதிலில் வறட்டியாக அப்பியிருந்தாள். இருபத்தோரு நாளின் பூக்களும் அதில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

"காய்க்காத பூன்னுதானே சாமி பறிச்சேன்."

"தெரியும் அம்மா."

"இதுங்க இல்லாம ஒரு காயும் இல்லையா?"

"ஒரு காயும் இல்ல."

அதன் பிறகு அவள் பூ பறிக்கவில்லை. தொட்டுத் தடவிய பூ அன்று மத்தியானமே சுருங்கிவிட்டது. பிஞ்சு விழவில்லை. மூன்றாம் நாள் எலுமிச்சை அளவு ஆனது. பொங்கலன்று தேங்காய் அளவு. அவள் தினமும் அதன் அடியில் வைக்கோலைச் சரிபண்ணிவிட்டு, அதோடு ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். குரு காதில் விழாததுபோல் போவார். மற்றப் பிஞ்சுகளைத் தேனீ பார்த்துக்கொண்டது.

நடுவில் இரண்டு முறை கடிதத்துக்குப் பதில் கேட்டாள். எழுதலாம் என்றே இரண்டு முறையும் சொன்னார்.

தை ஆறாம் தேதி காலையில் அவள் சமையலறைப் பக்கமே வரவில்லை. குரு தேடிக்கொண்டு போனார். வேலியடியில் உட்கார்ந்து, அந்தக் காயின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு வீட்டில் இந்நேரம் வாழைமரம் கட்டியிருப்பார்கள், சுகந்தியைத் தலைக்குக் குளிக்க வைத்திருப்பார்கள் என்ற நினைப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

"சாமி."

"சொல்லுங்கம்மா."

"காய் பிஞ்சு வச்ச பூவோடது. அது சுமந்துச்சு, அது பெத்துச்சு. நான் இதழைக் கிழிச்சேனே, அந்தப் பூவை இங்கேதான் போட்டேன். தேடிப் பார்த்தேன், ஒரு துணுக்குகூட இல்ல. மண்ணாப் போச்சு." அவள் கொடியடி மண்ணைக் கையால் தள்ளிக் காட்டினாள். "அதுக்கு என்ன சாமி மிஞ்சுச்சு?"

குரு மடியிலிருந்து கடிதத்தை எடுத்தார். பதினாறு நாள் மடியிலேயே இருந்து மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. பிரித்து அவள் கையில் வைத்தார்.

அவள் படித்தாள். முதல் வளையல் என்ற இடம் வந்ததும் நின்றாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள். பிறகு முந்தானையால் மறைக்காமல், வாய்விட்டு அழுதாள். குரு அருகிலேயே நின்றார். இடுப்பு வலி என்று சொன்னவர், இப்போது குனிந்து அவள் எழுந்துகொள்ளக் கை கொடுத்தார்.

"பஸ் போயிருக்குமா சாமி?"

"ஏழரைக்கு ஒண்ணு இருக்கு. முகத்தைக் கழுவிட்டுக் கிளம்புங்க அம்மா. அங்கே உங்க பொண்ணு கை நீட்டாம உக்காந்திருக்கும்."